நானும் உட்கார்ந்த ஒரு நாள்



உங்களிடம் இரண்டு கேள்விகள். குடும்பத்தோடு கடைசியாக எப்போது ஒரு நாள் பயணம் போனீர்கள்? போன இடத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்? முதலாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டி வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் சாய்ந்தமருதைச் சேர்ந்தவள். குவைத்தில் ஒரு வீட்டில் 2 வருடமும் 4 மாதமும் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு, 2025 ஜூன் மாதம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு ஊர் திரும்பினேன். என் கணவர் குத்தகைக்கு வயல் செய்தவர். 2021 இல் இரசாயன உரம் நாட்டுக்குள் வராமல் தடுக்கப்பட்ட போது, அந்தப் பெரும்போகத்தில் எங்கள் வட்டையில் நெல் கதிராகவில்லை, பதராகத்தான் நின்றது. விதைப்புக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வருடம் நாடே விழுந்தது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை, அரிசிக்கும் பால்மாவுக்கும் நெருப்பு விலை. 2022 ஆம் ஆண்டு மட்டும் வேலை தேடி இந்த நாட்டை விட்டு வெளியேறியவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். நான் அந்தக் கணக்கில் சேரவில்லை. 2023 பெப்ரவரியில்தான் போனேன். அப்போது என் மகளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 3.

போனதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டார் சம்பளத்தை நேரத்துக்குத் தந்தார்கள், கை நீட்டவில்லை. கடன் அடைந்தது. ஆனால் சகோதரிகளே, கடனுக்குக் கொடுத்த காசு கணக்கில் தெரியும். கொடுத்த காலம் எந்தக் கொப்பியிலும் எழுதப்பட்டிருக்காது.

வந்த முதல் இரண்டு வாரமும் வீடு கல்யாண வீடு போல இருந்தது. பெட்டி உடைப்பதைப் பார்க்க ஒரு கூட்டம், வாசனைத் திரவியமும் சவர்க்காரமும் வாங்கிப் போக ஒரு கூட்டம். மாமிக்கு அபாயா, மச்சிக்கு கைப்பை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு சொக்லேட். யார் வந்தாலும் தேநீர் ஊற்றினேன். பாய் விரித்தேன், பாய் சுருட்டினேன். இரவில் படுக்கும்போதுதான், இன்று என் பிள்ளைகளோடு பத்து வார்த்தை பேசவில்லையே என்று நினைவு வரும்.

சின்னவன் என் உம்மாவைத்தான் 'உம்மா' என்று கூப்பிட்டான். என்னை அவன் கூப்பிட்ட பெயர் 'குவைத்தும்மா'. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் என்னோடு முரண்டு பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு பழகுவது போல மரியாதையாகப் பழகினான். ஒரு நாள் சோறு தீத்தப் போனேன். வாயைத் திறந்து ஒரு கவளத்தை வாங்கிவிட்டுக் கேட்டான்:

"குவைத்தும்மா, நீங்க திரும்பி எப்ப போற?"

அவன் துரத்துவதற்காகக் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் போவார்கள்தானே, அதனால் கேட்டான். நான் பதில் சொல்லாமல் அடுத்த கவளத்தை உருட்டினேன்.

அன்றிரவு இதைக் கேட்டுவிட்டு என் கணவர் சொன்னார், "ஊட்டுக்குள்ள இருந்தா ஆக்கள் வந்துகொண்டுதான் இருப்பாங்க. ஒரு நாளைக்கு எல்லாரும் எங்கயாவது போவம்."

எங்கே போவது? கடல் வீட்டுக்குக் கிழக்கே நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அறுகம்பை தூரம், செலவும் கூட. மகள்தான் சொன்னாள், "வாப்பா, சேனநாயக்க சமுத்திரத்துக்குப் போவம். புத்தகத்துல படிச்சிருக்கன், கண்டதில்ல." அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வீட்டில் ஒருவருமே அதைக் கண்டதில்லை. என் மர்ஹூம் வாப்பா ஆயுள் முழுக்க அந்தத் தண்ணீரில் வெள்ளாமை செய்தவர். அவருக்கு ஆக்கிப் போட்ட என் உம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. உம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்கால்தான். ஆகாயத்தில் ஏறி குவைத் வரை போன நான், 50 கிலோமீற்றர் அளவில் இருக்கும் இங்கினியாகலையை எட்டிப் பார்க்கவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை என்று முடிவாயிற்று. ஒரு வேனைப் பேசினோம். கணவரின் தங்கையும் அவளது இரண்டு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். இத்தனை காலத்துக்குப் பிறகு பிள்ளைகளோடு போகிறேனே, குறை வைக்கக் கூடாது என்று புரியாணி, கோழிப் பொரியல், கத்தரிக்காய்ப் பாற்கறி, அச்சாறு, வட்டிலப்பம் என்று பட்டியல் போட்டேன். இரவு 2 மணிக்கு எழும்பினேன். ஸுபஹுக்கு பாங்கு சொல்லும்போது என் கண் எரிந்தது, இடுப்பு விட்டுப் போயிற்று. சட்டி, பானை, சஹன், தண்ணீர்க் கலன், பன்பாய், முஸல்லா, தேநீர்க் குடுவை எல்லாம் வேனில் ஏறின. கடைசியாக நான் ஏறினேன்.

காரைதீவுச் சந்தியில் வேன் மேற்கே திரும்பியது. மாவடிப்பள்ளி வீதியில் ஏறியதும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். 2024 நவம்பர் 26 ஆம் திகதி, வெள்ளம் குறுக்கறுத்த இந்த வீதியில்தானே மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் புரண்டது. அன்று நான் குவைத்தில், அந்த வீட்டுக் குசினியில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம் பிள்ளைகள் பத்திரம் என்று வீட்டிலிருந்து செய்தி வரும் வரை பிடித்திருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை. உம்மா கையேந்தி அந்தப் பிள்ளைகளுக்காக துஆச் செய்தார். நாங்கள் ஆமீன் சொன்னோம்.

சம்மாந்துறையைத் தாண்டியதும் சிறுபோக வெள்ளாமை இரு பக்கமும் பச்சைப் பசேலென்று நின்றது. கச்சான் காற்று அதன் மேல் கை தடவிப் போய்க்கொண்டிருந்தது. அம்பாறை நகரத்தைக் கடந்தோம். வீதி ஓரத்துக் கொண்டைவட்டுவான் குளத்தைப் பார்த்துவிட்டு சின்னவன், "இதுதானா, இதுதானா?" என்றான். "இது குஞ்சு, தாய் இன்னும் முன்னால இரிக்கி" என்றார் அவன் வாப்பா.

தாய்தான். அணைக்கட்டுப் பக்கம் இறங்கிப் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. எங்கள் கடலைப் போலவே அக்கரை தெரியாத இடங்களும் உண்டு. ஆனால் இரைச்சல் இல்லாத தண்ணீர். தூரத்தில் நீல மலைகள், நடுவே சின்னச் சின்னத் தீவுகள். இந்த நாட்டின் குளங்களில் பெரியது இதுதான். முதலாவது பிரதமர் டீ. எஸ். சேனநாயக்கவின் காலத்தில், 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு வேலை தொடங்கியது. அணையைக் கட்டியது மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. கல்லோயா என்று இன்று சொல்லும் ஆற்றை எங்கள் மூத்தவர்கள் பட்டிப்பளையாறு என்பார்கள். அதை மறித்துத் தேக்கிய தண்ணீர்தான் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி நமது கரையோர வட்டைகள் வரை வருகிறது. நமது பானையில் கொதிக்கும் சோற்றின் ஊற்றுக்கண் இது.

உம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரத்துத் தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் பூசிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இந்தத் தண்ணிக்காகத்தான் புள்ள ஒங்கட வாப்பா, வட்டவிதானை திறக்கும் வரைக்கும் ராவு ராவா வரம்புல காத்துக் கிடந்தாரு. இவ்வளவு இரிக்கெண்டு தெரிஞ்சிருந்தா அந்த மனிசன் அவ்வளவு சண்ட பிடிச்சிருக்க மாட்டாரு."

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். உம்மாவும் சிரித்தார். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பிறகு படகுச் சவாரி. வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் சீட்டு எடுத்தோம். எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி மாட்டினார்கள். உம்மாவும் மச்சியும் கரையில் நின்றுகொண்டார்கள். இந்தக் குளத்தைச் சுற்றியுள்ள காடு 1954 இல் கல்லோயா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கே யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்திப் போகும் என்று மகள் படித்திருந்தாள். பாதி நம்பாமல்தான் இருந்தேன். படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு விரலை நீட்டினான். முதலில் ஒரு கறுப்புப் பாறை போலத் தெரிந்தது. பிறகு தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே எழுந்து மூச்சு விட்டது. அதன் பின்னால் இன்னொன்று. சின்னவன் வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தான். ஆனால் அவன் இருந்தது வாப்பாவின் மடியில்.

கரைக்கு வந்து மர நிழலில் பாயை விரித்தோம். நான் வந்த கதைக்கு இப்போதுதான் வருகிறேன், சகோதரிகளே.

பாயை விரித்தது நான். சஹனை வைத்ததும், கை கழுவத் தண்ணீர் வார்த்ததும், இறைச்சியைப் பார்த்துப் பார்த்துப் பங்கு வைத்ததும் நான்தான். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்க்கு வெளியே, ஒரு பக்கமாக நின்றேன். யாருக்கு என்ன தேவை என்று முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

உம்மாதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிசைந்த சோறு கையிலேயே இருக்க, கேட்டார்:

"ஏன் புள்ள அங்கால நிக்கிறாய்? இது குவைத் இல்ல. வந்து இரி."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. குவைத்தில் வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டார் கடற்கரைக்குப் போவார்கள். குளிர்காலம் வந்தால் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். அவர்களோடு நானும் போவேன். இறைச்சியும் சோறும் கட்டுவேன், கஹ்வாவும் தேநீரும் ஊற்றுவேன், பிள்ளையைப் பார்ப்பேன். அவர்கள் விரிப்பில் உட்கார்ந்து சிரித்துப் பேசும்போது, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிற்பேன். அது என் வேலை, அதற்குத்தான் சம்பளம். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கடல் ஓரத்தில் நிற்கும்போது, என் மகனின் கை இப்போது எவ்வளவு பெருத்திருக்கும் என்று நினைப்பேன். எத்தனையோ பயணம் போனேன், ஒன்றும் என் பயணமில்லை. அந்த நிற்கும் பழக்கம் என் காலோடு ஒட்டிக்கொண்டு இங்கினியாகலை வரை வந்திருக்கிறது.

ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். அது குவைத் போய் வந்த எனக்கு மட்டும் உள்ள பழக்கமா? நம்மில் வெளிநாடே போகாதவர்களும் பயணம் போன இடத்தில் இப்படித்தானே நிற்கிறோம்? வீட்டுக் குசினியைத் தூக்கி வேனில் ஏற்றி, மரத்தடியில் இறக்கி, திரும்பவும் ஏற்றிக்கொண்டு வருகிறோம். பிள்ளைகள் யானை பார்த்தார்கள், கடல் பார்த்தார்கள். நாம் சட்டிதான் பார்த்தோம்.

என் கணவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து குடுவையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மகள் அகப்பையை எடுத்துக்கொண்டாள். நான் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் யாரோ சோறு வைத்து எவ்வளவு காலம்! என் உம்மா இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். 37 வயதுப் பெண், சின்னப் பிள்ளை போல அழுதுகொண்டே தின்றேன்.

சாப்பிட்டு முடிந்தது. சட்டி கழுவ எழும்பினேன், விடவில்லை. கணவரும் மகளும் மச்சியும் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். சும்மா இருப்பதும் பழக வேண்டிய ஒன்று என்று அன்றுதான் கண்டேன்.

அப்போது சின்னவன் ஓடி வந்தான். குளத்தோரத்தில் பொறுக்கிய கூழாங்கற்கள் இரண்டு கை நிறைய. அவன் சுற்றிப் பார்த்தான். வாப்பாவின் கையில் சட்டி, ராத்தாவின் கையில் சஹன். உம்மா என்று அவன் கூப்பிடும் மூத்தம்மா தொழுகைக்கு வுளூச் செய்யப் போய்விட்டார். சும்மா இருந்த கை என்னுடையது மட்டும்தான்.

"இதப் பிடிங்க" என்றான். என் உள்ளங்கையை விரித்துக் கற்களைக் கொட்டினான். "ஒண்டும் விழாம வெச்சிருங்க, நான் இன்னும் கொண்டு வாறன்."

மூன்று முறை போய் வந்தான். நாலாவது முறை ஓடவில்லை. என் முன்னால் குந்திக்கொண்டு ஒவ்வொரு கல்லாக எடுத்து, இது யானை, இது குட்டி, இது வாப்பா என்று வரிசை வைத்தான். வழுவழுவென்று வெள்ளையாய் ஒன்று இருந்தது. "இது?" என்று கேட்டேன். "அது குவைத்தும்மா" என்றான். அதையும் அந்த வரிசையிலேயே வைத்தான்.

பெயர் மாறவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை. வரிசையில் ஓர் இடம் கிடைத்துவிட்டது, எனக்கு அது போதும். அன்று நான் படித்த பாடம் ஒன்றுதான். பிள்ளை பலகாரம் நிறைந்த கையைத் தேடி வருவதில்லை, வெறுங்கையைத்தான் தேடி வருகிறது. நான் இரவு 2 மணிக்கு எழும்பி ஆக்கிய வட்டிலப்பத்தில் அவன் ஒரு கரண்டிதான் தின்றான். என் கை சும்மா இருந்த அரை மணித்தியாலத்தில்தான் என்னிடம் வந்தான்.

ளுஹரைத் தொழுதுவிட்டுப் புறப்பட ஆயத்தமானோம். குப்பை முழுவதையும் ஒரு பையில் கட்டி வேனில் ஏற்றினோம். நமது மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்த செய்தி 2022 இல் உலகம் முழுக்கப் போனது நினைவிருக்கும். நீந்தும் யானையைக் கண்டு மகிழ்ந்துவிட்டு, அதன் வாய்க்கு நஞ்சை வைத்துவிட்டு வரலாமா?

வரும் வழியில் சின்னவன் என் மடியில் தூங்கிப் போனான். கால் விறைத்தது. காரைதீவு வரும் வரை அசைக்கவில்லை.

சகோதரிகளே, பயணம் போய் வருகிறவர்கள் இல்லாத வீடு நமது ஊர்களில் குறைவு. சில வீட்டில் கணவர் கத்தாரில், சில வீட்டில் மகன் சவூதியில், சில வீட்டில் என்னைப் போலத் தாய். பயணத்தின் தேவை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்பும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். திரும்புவது விமான நிலையத்தோடு முடிவதில்லை என்பது என் அனுபவம். ஊருக்கு உடல் வந்து சேர்ந்த பிறகும், பிள்ளையிடம் வந்து சேர ஒரு நாளாவது ஒதுக்க வேண்டியிருக்கிறது. அதை விடுமுறையின் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் வாரங்களிலேயே வைத்துவிடுங்கள். விருந்தாளிகள் கோபிக்க மாட்டார்கள், அடுத்த நாள் வருவார்கள்.

செலவுக்குப் பயப்படவும் வேண்டாம். இங்கினியாகலைதான் என்றில்லை. ஒலுவில் வெளிச்சவீட்டுப் பக்கம் போகலாம், பொத்துவில் போகலாம், ஒன்றும் முடியாவிட்டால் அஸருக்குப் பிறகு நமது கடற்கரையிலேயே ஒரு பாயை விரிக்கலாம். ஆக்குவதைக் குறையுங்கள். ஒரு சோறு, ஒரு ஆணம், ஒரு சம்பல் போதும். அல்லது காலையில் அவித்த இடியப்பமும் வாழைப்பழமும் போதும். யார் பாய் எடுப்பது, யார் பிள்ளை பார்ப்பது, யார் சட்டி கழுவுவது என்று முதல் நாளே பங்கு வையுங்கள். ஆண்களுக்கும் பங்கு வையுங்கள். வீட்டில் நபி (ஸல்) அவர்கள் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒரு பயணத்தில் அந்த நாயகியோடு ஓட்டப் பந்தயமே ஓடியவர்கள் அவர்கள். நமது வீட்டு ஆண்கள் ஒரு தேநீர்க் குடுவையைப் பிடிப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

இதை எழுதும்போது அந்த வெள்ளைக் கல் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. நேற்றுக் காலை கூட்டும்போது அது கீழே விழுந்துவிட்டது. சின்னவன் ஓடி வந்து எடுத்து, ஊதித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "கவனமா கூட்டுங்க உம்மா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். தான் என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. நான் விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த பயணத்தில் நீங்களும் உட்காருங்கள், சகோதரிகளே. உங்கள் கையும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்.